கடல் உள்வாங்கும்போது

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அடுத்த நாள். இந்திய நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்திரா தீவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்துச் சோழமண்டலக் கரையினுள் கடல் புகுந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அவர்களுள் அடங்குவர். இந்துமாக்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் அனைத்திலும் மாண்டவர் தொகை இரண்டு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகம்.

அந்த இரண்டரை மணி நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு மனிதன் நடந்தே பத்துக் கிலோமீட்டர் போய்விடக்கூடிய அவகாசம் அது. அவ்வளவு நேரம் இருந்தும் இத்தனை உயிர்கள் போனது ஏன்? கடல் சினங்கொண்டது என்றனர் சிலர். தண்டனை என்றனர் வேறு சிலர். ஆனால் கடலுக்குச் சினம் இல்லை. பாறைக்கும் நீருக்கும் உரிய நியதிகளே உண்டு. அவற்றை அறிந்துகொண்டவர்கள் அன்று பிழைத்தனர் என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

அலை பிறந்த விதம்

பூமியின் மேலோடு ஒரே துண்டாக அமைந்ததன்று. பல பெரும் பாறைத் தகடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. இந்தியாவைத் தாங்கும் தகடு, ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகத்தில் நகர்ந்து, சுமத்திராவையும் அந்தமானையும் தாங்கும் தகட்டின் அடியில் செல்கிறது. உரசும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மேல்தகட்டின் விளிம்பு சிறிது சிறிதாகக் கீழே இழுக்கப்பட்டு வளைகிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்த இறுக்கம் ஒரு நாள் அறும்போது, வளைத்த மூங்கிலைக் கைவிட்டாற்போல விளிம்பு மேலே துள்ளுகிறது. 2004-இல் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் பத்து நிமிடங்களுக்குள், இவ்வாறு நேர்ந்தது. அதிர்ச்சியின் அளவு 9.1.

கடலடி உயரவே, அதன்மேல் நின்ற நீர் முழுவதும் உயர்ந்தது. காற்று எழுப்பும் அலை கடலின் மேற்பகுதியை மட்டுமே அசைக்கும். இந்த அலையிலோ அடிமுதல் மேல்வரை நீர்த்திரள் முழுவதும் அசைகிறது. அதன் வேகத்தை அளப்பது கடலின் ஆழம். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய ஆகாய விமானத்தைப் போல, விரைகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அவ்வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது.

நடுக்கடலில் அந்த அலையின் உயரம் எவ்வளவு தெரியுமா? அதிர்ச்சி நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து அவ்வழியே சென்ற விண்கோள்கள் அளந்து கண்டது ஏறத்தாழ இரண்டே அடி! ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் இருந்தமையால், அது தம்மைக் கடந்து சென்றதைக் கப்பலில் இருப்போரும் உணரமாட்டார். கரையை நெருங்குகையிலோ, குறுகிய வாசலில் முன்னே செல்வோர் தயங்கி நிற்க, பின்னே வருவோர் நெருக்கித் தள்ளுவதைப் போல, அலையின் முன்பகுதி வேகம் குறைய, பின்பகுதி வந்து குவிகிறது. அகலம் சுருங்க, உயரம் பெருகுகிறது. துறைமுக அலை எனப் பொருள்படும் ‘சுனாமி’ என்ற ஜப்பானியச் சொல் இதற்குப் பொருத்தமானதே.

கடல் தரும் குறிப்பு

அலைக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. பள்ளம் முந்திக்கொண்டால் கடல் உள்வாங்குகிறது. மேடு முந்திக்கொண்டால் நீர் பெருகுகிறது. 2004-இல் பிளவின் கிழக்கே கடலடி தாழ்ந்தது, மேற்கே உயர்ந்தது. ஆகவே தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது. நம் கரைக்கோ மேடுதான் முதலில் வந்தது. எனவே கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று எண்ணிக் காத்திருத்தல் தவறு. அலை ஒன்றோடு நிற்பதும் இல்லை. இரண்டு அலைகளுக்கு இடையே கடல் வெகுதூரம் பின்வாங்கலாம். இலங்கையின் களுத்துறையில் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் கடலடி வறண்டு கிடந்ததை விண்கோள் எடுத்த படங்கள் காட்டின. வேடிக்கை பார்க்கவோ மீன் பொறுக்கவோ அங்கே இறங்குபவர், அடுத்த அலைக்குத் தப்புவது அரிது.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் பூகோள வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. தாய் தந்தையரிடம் கதறினாள். அவளால் ஏறத்தாழ நூறு பேர் உயிர் பிழைத்தனர்.

அதிர்ச்சி பிறந்த இடத்துக்கு மிக அருகே சிமெலுவே என்னும் தீவு உள்ளது. அலை அங்கே பத்து நிமிடமளவில் வந்துவிட்டது. ஆயினும் சுமார் 78,000 மக்களுள் மாண்டவர் ஏழு பேர் மட்டுமே. 1907-இல் அங்கே பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிற்று. அன்று பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ எனப் பெயரிட்டு, “நிலம் பலமாக அதிர்ந்து, கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தனர். பிள்ளைகள் வளர்ந்து தம் பேரர்களுக்குச் சொன்னார்கள். 97 ஆண்டுகள் கழித்து அக்கதை ஒரு தீவையே காத்தது.

நம்மிடமும் ‘கடல்கோள்’ என்ற பழஞ்சொல் உண்டு. தென்மதுரையும் கபாடபுரமும் கடலுக்கு இரையானதை இறையனார் களவியல் உரை கூறுகிறது. நாம் இழந்ததை அச்சொல் நினைவூட்டியது. என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. சிமெலுவே மக்களின் சொல்லிலோ செயலும் சேர்ந்திருந்தது.

வீட்டில் சொல்ல வேண்டியவை

நம் கரைக்கு ஒரு சங்கடமும் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நிகழும் அதிர்ச்சி இங்கே இலேசாகவே தெரியும். பலருக்குத் தெரியாமலும் போகும். ஆனால் பாறை வழியே வரும் அதிர்வு, நீரலையைவிடப் பன்மடங்கு வேகமுடையது. அதைக் கருவிகள் சில நிமிடங்களில் உணர்ந்துவிடும். 2007-இல் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. நில அதிர்வுக் கருவிகளையும் கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளையும் கொண்டு அது எச்சரிக்கை விடுக்கிறது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள அதிர்ச்சி நேர்ந்தபோது மக்கள் எச்சரிக்கப்பட்டனர். அன்று பாறைகள் மேலும் கீழும் துள்ளாமல் பக்கவாட்டில் நழுவியமையால் பேரலை எழவில்லை. அதைக் கண்டு எச்சரிக்கை வீண் என்று யாரும் எண்ணலாகாது.

கடற்கரையில் வாழ்வோரும், கரைக்குச் செல்வோரும் நான்கு செய்திகளை மனத்தில் இருத்துதல் வேண்டும். கரையில் பலமான அல்லது நீண்ட அதிர்வை உணர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டு நிலத்துக்கோ உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கோ செல்லுங்கள். கடல் திடீரென உள்வாங்கினாலும், பெருகினாலும், பேரிரைச்சல் எழுந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பாதீர்கள். ஆபத்து நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும்வரை பல மணி நேரம் பொறுத்திருங்கள். ஆழ்கடலில் படகில் இருப்போர் கரைக்கு விரையாமல் அங்கேயே தங்குவது நலம்.

இத்தகைய அலை மீண்டும் வருவது நம் ஆயுளில் நேராமலே போகலாம். 2004-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது வெறும் பாடப்புத்தகச் செய்தி. ஆதலால், அன்று கரையில் நின்று உயிர் பிழைத்த பெரியவர்கள் தாம் கண்டதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். எவ்வளவு நீர் வந்தது என்பதோடு, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லட்டும்.