மகிமை பெற்ற சோறு

மீந்த சோற்றில் நீரூற்றி வைப்பதே நம் இல்லங்களின் வழக்கம். அமெரிக்காவின் வடகோடியிலுள்ள மினசோட்டா மாகாணத்திலோ ஆறிய சோற்றுக்குப் பட்டாபிஷேகமே நடைபெறுகிறது! 'குளோரிஃபைட் ரைஸ்', அதாவது மகிமை பெற்ற சோறு என்பது அதன் திருநாமம்.

அங்கே நார்வேயிலிருந்து குடியேறியோரின் சந்ததியார் மிகுதி. நார்வேயில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பாற்சோற்றுடன் நுரைக்க அடித்த பாலேட்டைக் கலந்து உண்பது மரபு. ஆதலின் இவ்வினிப்பு அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியிராது.

சோறு நன்றாய்க் குளிர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் பாலேடு உருகி நீராகிவிடும். சர்க்கரையும், சாறு வடித்த அன்னாசித் துணுக்குகளும் சேர்த்து, மேலே சிவந்த செர்ரிப் பழங்களைப் பதிக்கிறார்கள். அன்னாசி டப்பாவில் அடைத்ததாகவே இருக்கட்டும். பச்சைப் பழத்திலுள்ள புரோமெலைன் என்னும் நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றும். டப்பாப் பழத்தில் சூட்டினால் அதன் வலிமை அடங்கிவிடுகிறது. அன்னாசியும் பாலும் ஒவ்வா என்னும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால் பெருமிதம் கொள்வார்கள்!

வீட்டுக்கொரு பதார்த்தமாகக் கொணர்ந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடி உண்ணும் விருந்துகளில் இதற்கு நிலையான இடமுண்டு. அடக்கச் சடங்கு முடிந்து திரும்புவோருக்கும் இது படைக்கப்படுகிறது. துக்க நாளில் இனிப்பா என்று நாம் திடுக்கிடலாம். ஆயினும் முந்திய இரவே செய்து குளிர வைத்துவிடக் கூடிய பண்டமல்லவா? மறுநாள் காலையில் அடுப்பருகே நிற்க யாருக்கு மனம் வரும்?