திண்ணை: வீட்டுறுப்பா, நிலமேடா? எல்லைப்புற வழக்கு நோக்கில் ஒரு சொல்லாய்வு

இன்றைய தமிழில் திண்ணை என்பது தெருவாயிலை ஒட்டி, இறவாரத்தின்கீழ் உயர்த்திக் கட்டப்பெற்ற இருக்கையைக் குறிக்கும். இப்பொருள் தொன்மையானதன்று, உயர்ந்து இறுகிய நிலம் என்னும் விரிந்த பொருளே சுருங்கி வீட்டுறுப்பின் பெயராயிற்று எனக் கருத இடமுண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடவெல்லையில், தமிழும் தெலுங்கும் ஒருசேர வழங்கும் கும்மிடிப்பூண்டி, பழவேற்காட்டுப் பகுதி இதனை ஆராய ஏற்ற களமாகும்.

தெலுங்கில் 'தின்னெ' என்னும் சொல் வீட்டுத் திண்ணையையும் குறிக்கும், மணல்மேட்டையும் குறிக்கும். 'இசுக தின்னெ' என்றால் மணற்குன்று. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேட்டைத் தமிழர் திண்ணை என்னார். தெலுங்கர்க்கோ அச்சொல் இயல்பாகப் பொருந்தும். கன்னடத்தில் 'திண்ணெ' (முதலெழுத்து ஒலிப்புடையது) மேட்டுநிலத்தையே சுட்டும். பெங்களூரின் கொத்தனூர் திண்ணெ என்னும் இடப்பெயர் இதற்குச் சான்று.

'தின்ன' உதவும் இடம் திண்ணை என்னும் மக்கள் விளக்கம் சுவையானது. ஆயினும் ஒலியியல் அதனை ஏலாது. தமிழின் கண், மண், வெண்ணெய் ஆகியன தெலுங்கில் கன்னு, மன்னு, வென்ன என னகரம் பெறுகின்றன. கன்னடம் ணகரத்தைக் காக்கின்றது. தின்னெ, திண்ணெ என்னும் இணையும் அவ்வாறே நிற்றலின், ணகரமே மூலம். எனவே திண்மை, திண்ணம், திண்ணியர் ஆகியவற்றின் அடியாகிய 'திண்' என்பதே இதற்கும் வேர். திட்டு, திட்டை, திடல், திடர் என்பனவும் இதனொடு உறவுடையன ஆகலாம். சம்பந்தர் பாடிய தென்குடித்திட்டையும் கொள்ளிடக்கரை முதலைமேடுதிட்டும் காட்டுவதுபோல, நிலப்பொருளை இச்சொற்கள் ஏற்றுக்கொண்டமையால் தமிழில் திண்ணை கட்டடத்தோடு நின்றுவிட்டது எனலாம்.

இடைநிலைச் சான்று அகநானூற்றின் 167ஆம் பாடலில் உள்ளது. ஆறலைப்போர்க்கு அஞ்சி மக்கள் நீங்கிய ஊரின் பாழ்பட்ட பொதியில் அங்குப் பேசப்படுகிறது. எழுதப்பட்ட கடவுள் அகன்றபின், பலி மறக்கப்பட்டு மெழுகப்படாமற் கிடக்கும் மேடையைப் புலவர் 'திணை' என்கிறார். உரையாளர் அதனைத் திண்ணை எனக் கொள்வர். அது தனிமனை சார்ந்ததன்று என்பது கருதத்தக்கது. ஊர்ப்பொதுவிடத்து மேடை அது.

சென்னை மாகாண ஆங்கிலத்தில் வழங்கிய 'பயால்' என்னும் சொல் போர்த்துக்கீசியரின் 'போயால்' என்பதன் திரிபு. திண்ணைப் பள்ளியைப் 'பயால் பள்ளி' என்றே ஆங்கிலேயர் எழுதினர். அவர்கள் திண்ணை என்னும் சொல்லைக் கடன்கொள்ளாதது வியப்பே.

பழந்திண்ணைகளை எவரும் அமர்ந்த பொதுவிடம் என ஏத்துவாருளர். யார் ஏறலாம், யார் தெருவிலேயே நிற்கவேண்டும் என்பதைச் சாதி வரையறுத்தமையை அவ்வேத்துரைகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

சிப்காட் வளாகத்தைச் சூழ்ந்த ஊர்களில் தொழிலாளர்க்கு வாடகைக்கு விடப்படும் வரிசைவீடுகள் திண்ணைக்கு இடம்வைப்பதில்லை. திண்ணைப் பேச்சு, திண்ணைப் பிரச்சாரம் என்னும் தொடர்களில் சொல் மட்டும் உருவகமாய் நிலைக்கிறது. மனைப்பிரிவுகளுக்காக மேடுகள் நிரவப்படும்போது அவற்றின் பெயர்களும் மறைகின்றன. ஆதலின் எல்லையூர்த் தெலுங்கு முதியோரிடம் வழங்கும் மேட்டுப்பெயர்களைப் பழைய நில அளவைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் தொகுக்கும் களப்பணி இப்போதே தொடங்கப்பட வேண்டும்.