கம்ப்யூட்டரில் உள்ள குடும்ப ஆவணங்களுக்கு இணையத்தில் ஒரு நகல்: தேர்ந்தெடுப்பது எப்படி?

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சென்னையில் பறிபோன சான்றிதழ்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்களே நடத்தியது. அரசு தந்த சான்றிதழை இப்படித் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த நிக்காஹ் படங்களையும், வாப்பா சவூதியிலிருந்து அனுப்பிய குரல் பதிவுகளையும், கடையின் கடன் கணக்கையும் திருப்பித் தர எந்த அலுவலகமும் இல்லை. வெள்ளம்தான் வர வேண்டும் என்பதுமில்லை. ஹார்டு டிஸ்க் பழுது, திருட்டு, வைரஸ் என எது வந்தாலும் இழப்பு ஒன்றுதான்.

எத்தனை நகல் வேண்டும்?

முக்கியமான கோப்புகளுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. துறை அறிந்தவர்கள் சொல்லும் எளிய விதி இது. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. அதே பீரோவில் இருக்கும் ஹார்டு டிஸ்க் அதே வெள்ளத்தில்தான் நனையும். அதனால்தான் மூன்றாவது பிரதி வெளியே இருக்க வேண்டும்.

டிரைவ் வேறு, பேக்கப் வேறு

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை இங்கே உள்ள கோப்புறையையும் அங்கே உள்ளதையும் ஒரே மாதிரி வைத்திருப்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தால், பூட்டப்பட்ட கோப்புகளே மேலே ஏறிவிடும். முழுமையான பேக்கப் சேவை, கோப்பின் பழைய வடிவங்களையும் தேதி வாரியாக வைத்திருக்கும். எந்தத் திட்டம் ஆனாலும், "எத்தனை நாள் பழைய நகலைத் திரும்ப எடுக்கலாம்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இலவச இடம் போதுமா?

கூகுள் 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி, ஐகிளவுட் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி இலவசமாகத் தருகின்றன. கூகுளின் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் சேரும். இடம் நிரம்பிவிட்டால் புதிய மெயில்கூட வராது.

பத்திரம், பட்டா, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் ஸ்கேன்களுக்கு இலவச இடமே தாராளம். திருமண வீடியோக்களும் பல ஆண்டுப் படங்களும் இருந்தால்தான் கட்டணத் திட்டம் தேவைப்படும். எனவே பணம் கட்டும் முன் கோப்புறைகளின் மொத்த அளவைப் பாருங்கள்.

ஏற்ற எத்தனை நாள் ஆகும்?

விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றும் இணைப்பில் 100 ஜிபி ஏற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் 1.5 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் என்றால் இரண்டு மாதத்துக்கும் மேல். ஆகவே ஆவணங்களை முதலில் ஏற்றுங்கள், படங்கள் அடுத்து, வீடியோக்கள் கடைசியில்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. கட்டணம் ஒரு கம்ப்யூட்டருக்கா, குடும்பத்துக்கா? கூகுளின் கட்டணத் திட்டத்தை மேலும் 5 குடும்ப உறுப்பினர்களோடு பகிரலாம். ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்க முடியாது.

2. முதல் ஆண்டுச் சலுகை முடிந்த பின் எவ்வளவு?

3. கம்ப்யூட்டரில் இணைத்த ஹார்டு டிஸ்கும் சேருமா?

4. கட்டணம் தவறினால் எத்தனை நாளில் அழிப்பார்கள்?

5. திரும்ப எடுப்பது எளிதா? ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

சாவி யாரிடம்?

வீட்டுப் பெண்களின் படங்களை இணையத்தில் வைக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். கணக்கில் ஏற்றிய படம், நாமாகப் பகிராத வரை மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் கடவுச்சொல் கசிந்தால் எல்லாமே திறந்துவிடும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு மட்டுமே சாவி உள்ள பூட்டு வசதியையும் சில சேவைகள் தருகின்றன. அந்தச் சாவியைத் தொலைத்தால் நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் கவனிக்க: ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழந்தால் ஓடிபி வராது. கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம். குடும்பத் தலைவர் மவுத்தாகிவிட்டால், கடவுச்சொல் தெரியாத மனைவி மக்கள் தவித்துப் போவார்கள். கணக்கு 3 முதல் 18 மாதம் வரை பயன்படாமல் கிடந்தால் யாருக்குத் தகவலும் கோப்புகளும் போக வேண்டும் என்பதை கூகுள் கணக்கின் அமைப்புகளிலேயே முன்கூட்டிக் குறிக்கலாம். மற்றவர்களின் கடன், அமானிதக் கணக்குகளை கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அரசுச் சான்றிதழ்களுக்கு

டிஜிலாக்கரில் அரசுத் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமாக ஸ்கேன் செய்து ஏற்றியவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. அது இலவசம் என்பதால் முதல் வேலையாக அதை முடித்துவிடலாம். பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து, நிலப் பத்திரத்தில் ஆரம்பியுங்கள்.