படகுக்கு ஏற்ற பேட்டரி

நாராயணவனத்தில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. மலை தெரியும். கல்யாண வெங்கடேசுவரர் கோயில் கோபுரம் தெரியும். ஆனாலும் கடல் நமக்கு அந்நியம் இல்லை. இந்தப் பக்கத்து மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி ஓடுகிறது. ஊத்துக்கோட்டை வழியாகப் போய்ப் பழவேற்காடு ஏரிப் பக்கம் சேருகிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் புதிதாக உருவானது. அப்போது நாராயணவனமும், ஏரிக்கரைப் பக்கத்து ஊர்களான தடாவும் சூளூர்ப்பேட்டையும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன.

நம் ஊரில் பேட்டரி என்றால் டிராக்டர்தான் ஞாபகம் வரும். காலையில் டிராக்டர் கிளம்பவில்லையா? நாலு பேர் சேர்ந்து தள்ளுவோம். பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போன படகை யார் தள்ளுவது?

சின்ன ஃபைபர் படகுகளில் இயந்திரத்தைக் கையாலேயே கிளப்பி விடலாம். பேட்டரி இல்லாவிட்டாலும் அது ஓடும். ஆனால் விளக்கு எரியாது. ஜி.பி.எஸ். கருவி வழி காட்டாது. வயர்லெஸ் பேசாது. இரவில் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் பெரிய கப்பல்கள் வந்து போகின்றன. விளக்கு இல்லாத சிறு படகு அந்தக் கப்பல்காரர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஒக்கி புயலை மறக்க முடியுமா? 2017 நவம்பர் 30-ஆம் தேதி அது கன்னியாகுமரிக் கடலில் வீசியது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். எச்சரிக்கை பலருக்கு எட்டவில்லை. பலர் வீடு திரும்பவே இல்லை. ஆபத்தைத் தெரிவிக்கும் கருவி ஒன்று 2010 முதல் நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. படகிலிருந்து பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி கரைக்குப் போகும். 2024-இல் வந்த புதிய வகையில் கரையிலிருந்து பதிலும் வரும். வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல் ஆபத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. இப்படி எத்தனை கருவி வந்தாலும் மின்சாரம் இல்லாமல் எதுவும் பேசாது. அந்த மின்சாரத்தைக் கரையிலேயே சேர்த்துக் கொண்டு போக வேண்டும்.

எந்தப் பேட்டரி வாங்குவது?

கடைக்குப் போகிறோம். இரண்டு பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறது. "இதுவும் 12, அதுவும் 12. எது விலை குறைவோ அதைக் கொடுங்க அண்ணே" என்று கேட்டுவிடாதீர்கள்.

நன்றாகக் கவனியுங்கள். லாரி, டிராக்டருக்கான பேட்டரி ஒரு வகை. அதன் உள்ளே ஈயத் தகடுகள் மெல்லியதாக இருக்கும். இயந்திரத்தைக் கிளப்பச் சில நொடிகளுக்கு மிக அதிக மின்சாரம் தரும். அதோடு அதன் வேலை முடிந்தது. இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி வேறு வகை. இதன் தகடுகள் தடிமனானவை. கொஞ்சம் கொஞ்சமாக, நெடுநேரம் மின்சாரம் தரும். படகைக் கரையேற்ற ஒரே மூச்சில் தம் பிடித்துத் தள்ளுகிறவர் ஒருவர். நாள் முழுக்கத் துடுப்பு போடுகிறவர் இன்னொருவர். லாரி பேட்டரியில் இரவெல்லாம் விளக்கு எரித்தால் சில மாதங்களிலேயே அது படுத்துவிடும். விளக்குக்கும் கருவிகளுக்கும் இரண்டாம் வகைதான் சரி. இயந்திரத்தைக் கிளப்பவும் பேட்டரி வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒன்று வையுங்கள். இரவில் விளக்கு எரிந்து ஒன்று தீர்ந்தாலும் மற்றது காலையில் கைகொடுக்கும்.

அடுத்தது அளவு. பேட்டரியின் மேல் வோல்ட்டோடு இன்னொரு எண்ணும் இருக்கும். 40, 60, 100 என்று போட்டு, பக்கத்தில் 'ஏ.ஹெச்.' என்று ஆங்கில எழுத்து இருக்கும். ஆம்பியர் மணி என்று பொருள். 60 என்றால் 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். பானையில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கும் என்று சொல்வதைப் போன்றது இது.

நம் படகுக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். விளக்கில் எழுதியுள்ள வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். அதை எரியும் மணி நேரத்தால் பெருக்குங்கள்.

உச்சியில் எரியும் எல்.இ.டி. விளக்கு 5 வாட் என்றால் சுமார் 0.4 ஆம்பியர். இரவு 10 மணி நேரத்துக்கு 4. வலை இழுக்கும்போது போடும் 10 வாட் விளக்கு 0.8 ஆம்பியர். 6 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 5. ஜி.பி.எஸ். கருவியும் ஆழம் காட்டும் கருவியும் சேர்ந்து 1 ஆம்பியர் எடுத்தால் 10 மணி நேரத்துக்கு 10. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 0.4 ஆம்பியர். அதற்கு ஒரு 4. நாம் பேசும்போது மட்டும் அது 5 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். கொஞ்ச நேரம்தான் பேசுவோம். அதற்கு 1 சேருங்கள்.

மொத்தம் 24 ஆம்பியர் மணி. அப்படியானால் 24 அளவு பேட்டரி போதுமா? போதாது. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது. அடிக்கடி அடிவரை காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 24-க்கு இரண்டு மடங்கு 48. காற்று மாறிக் கரை சேர நேரமானால்? கொஞ்சம் கூட வைத்து 60 வாங்கலாம். உங்கள் கருவிகள் எடுக்கும் ஆம்பியர் வேறாக இருக்கலாம். அதன் முதுகில் பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் பேட்டரி விலை குறைவு. ஆனால் படகு ஆடும்போது ஆசிட் சிந்தக்கூடும். சீல் வைத்த பேட்டரி சிந்தாது. தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். ஆனால் அதிகமாகச் சார்ஜ் ஏற்றினால் உள்ளிருக்கும் ஈரம் வற்றிவிடும். பிறகு ஊற்ற வழி இல்லை. இப்போது லித்தியம் பேட்டரியும் வருகிறது. பாதி எடைகூட இருக்காது. ஆயுளும் அதிகம், விலையும் அதிகம். அதை வாங்கினால் அதற்கென்றே உள்ள சார்ஜரையும் சேர்த்து வாங்குங்கள். பழைய ஈய பேட்டரியின் சார்ஜரை அதில் மாட்டாதீர்கள்.

படகில் எங்கே வைப்பது?

படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதில் படாமல் உயரத்தில் வையுங்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். மூடியில் காற்றுப் போக ஓட்டை இருக்கட்டும்.

கடல் தண்ணீர் பேட்டரியின் உள்ளே போனால் துருப்பிடிப்பதோடு முடியாது. உப்பும் பேட்டரி ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். பிளீச்சிங் பவுடர் நெடி போல மூக்கில் ஏறும். நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் ரொம்பப் பயப்படும் ஆபத்து இது. அந்த நெடி வந்தால் மூடிய அறைக்குள் நிற்காதீர்கள். காற்றோட்டமான பக்கம் வந்துவிடுங்கள்.

பிளஸ் முனைக்கு அருகிலேயே வயரில் ஒரு பியூஸ் போடுங்கள். வயர் எங்காவது உரசிப் பிய்ந்தால் பியூஸ் போகும், படகு எரியாது. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால் மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து துடையுங்கள். காய்ந்த பிறகு வாசலின் தடவுங்கள்.

சார்ஜ் ஏற்றும்போது

பேட்டரி வெடித்தது என்று கேள்விப்படுகிறோம். ஏன் வெடிக்கிறது?

சார்ஜ் ஏறி நிறையும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிகிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரண்டு வாயுக்கள் குமிழி குமிழியாக வெளியே வருகின்றன. ஹைட்ரஜனுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நூறு பங்கு காற்றில் 4 பங்கு அது கலந்தாலே போதும். ஒரு சின்னப் பொறி பட்டால் வெடிக்கும். பேட்டரி உடைந்து ஆசிட் முகத்தில் தெறிக்கும்.

இந்த வாயு காற்றைவிட லேசானது. மேலே போய்க் கூரையின் கீழே தங்கும். பெட்ரோல் ஆவி அப்படி அல்ல. அது கனமானது. படகின் அடியில் தேங்கும். மூடிய இடத்தில் இரண்டும் சேர்ந்தால் மேலும் ஆபத்து, கீழும் ஆபத்து. அதனால் பேட்டரியைப் படகிலிருந்து கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றுவதே நல்லது. மழை படாத, காற்று வரும் திண்ணை போதும். படுக்கிற அறை வேண்டாம். அடுப்பங்கரை வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். பீடி, சிகரெட்டைத் தூரத்தில் முடித்துவிட்டு வாருங்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள். அதற்கு டார்ச் இருக்கிறது.

பொறி சார்ஜரின் கிளிப்பிலிருந்தும் வரும். ஆகவே மாட்டும் வரிசை முக்கியம். முதலில் சார்ஜர் சுவிட்சு அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கிளிப்பைப் பிளஸ் முனையில் மாட்டுங்கள். அடுத்துக் கறுப்பை மைனஸில் மாட்டுங்கள். கடைசியாகச் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது தலைகீழ். சுவிட்சை அணைத்த பிறகுதான் கறுப்பு, அதன் பிறகு சிவப்பு. அவசரத்தில் சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கும்போதுதான் பொறி பறக்கும். அந்த நேரத்தில்தான் வாயுவும் அதிகமாக இருக்கும்.

கையில் மோதிரமோ கழுத்தில் சங்கிலியோ இருந்தால் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பட்டால் இரும்பே சிவக்கும். தங்கம் எம்மாத்திரம்? ஈரக் கையோடு, ஈர மணலில் வெறுங்காலோடு நின்று பிளக்கைத் தொடவேண்டாம். சார்ஜருக்கு வருவது 230 வோல்ட் வீட்டு மின்சாரம். தண்ணீரில் மிதக்கும் படகுக்கு அந்த வயரை இழுக்கவே கூடாது.

எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஏற்றுவது? பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 60 பேட்டரிக்கு 6 ஆம்பியர். பாதி காலியான பேட்டரி நிறைய 6 முதல் 8 மணி நேரம் ஆகும். "ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். பேட்டரி சூடாகும், தகடு வளையும். நிறைந்தவுடன் தானாகவே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கொஞ்சம் விலை கூடுதல். என்னைக் கேட்டால் மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்கக்கூடாது.

சூரிய ஒளித் தகடு வைத்திருந்தால் அதை நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள். 12 வோல்ட் தகடு நல்ல வெயிலில் 20 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். நடுவே கட்டுப்படுத்தும் கருவி ஒன்று வேண்டும். அதில் முதலில் பேட்டரியை இணைத்துப் பிறகு தகட்டை இணையுங்கள்.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். ஆசிட்டும் ஊற்றக்கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் இல்லை. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றுங்கள். சார்ஜ் நிறைந்த பிறகு கோடு வரை ஊற்றுங்கள். முன்பே நிறைய ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

ஆசிட் கண்ணில் பட்டால் நேரம் கடத்தாதீர்கள். இமையை விரித்து நல்ல தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சார்ஜ் ஏற்றும் இடத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு மீட்டரை வைத்துப் பாருங்கள். ஈய பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.9-க்குக் கீழே என்றால் காலி. அந்தப் பேட்டரியோடு கடலுக்குப் போகாதீர்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு அறைகளையும் பார்க்கலாம். ஐந்து அறைகள் 1250 காட்டும்போது ஓர் அறை மட்டும் 1200-க்குக் கீழே நின்றால் அந்த அறை கெட்டுக்கொண்டிருக்கிறது. இந்த எண்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பேட்டரி எப்போது தளர்கிறது என்று நோட்டு முன்கூட்டியே காட்டிவிடும்.

பேட்டரி செத்த பிறகு

சிலருக்கு ஓர் எண்ணம் வரும். "உள்ளே இருப்பது ஈயம்தானே? உடைத்து உருக்கினால் வலைக்கு ஈயக்குண்டு ஆகுமே!" வேண்டாம். ஈயப் புகையும் தூளும் மண்ணில் தங்கும். மண்ணில் விளையாடும் பிள்ளைகள் கைவிரலோடு அது வாய்க்குள் போகும். மூளையைக் கெடுக்கும்.

தூரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அதன் தலைநகர் டாக்கர். அதன் பக்கத்தில் தியாரோய் சுர் மேர் என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். ஈயம் கலந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அந்த ஊரில் 18 சின்னப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். அவர்கள் ரத்தத்தில் என்ன கலந்திருந்தது என்று தெரிய அத்தனை மாதம் ஆயிற்று.

பழைய பேட்டரியை முழுசாகக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ எடுத்துப் போகும்போது படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள். செத்த பேட்டரியிலும் ஆசிட் இருக்கும்.