ஒரே சுவர், பல வரலாறுகள்

பள்ளிப் பாடநூலில் உத்திரமேரூருக்குக் கிடைப்பது ஒரு பத்தி. பராந்தக சோழன், குடவோலை, முப்பது குடும்புகள். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் பத்திக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டு வரும் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை எழுதியவர்கள் பார்த்தது ஒரே சுவரை. படித்தது ஒரே எழுத்தை. ஆனால் எழுதியதோ ஒன்றுபோல் இல்லை. வரலாற்று நூல்களை எப்படிப் படிப்பது என்று பழக, காஞ்சிபுரம் மாவட்டத்தின் இந்தச் சிற்றூரை விட நல்ல இடம் அமைவது அரிது.

சுவர் சொல்வது

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் தேர்தல் பற்றி இருப்பவை ஒன்றல்ல, இரண்டு சாசனங்கள். முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919 வாக்கில், ஊர்ச் சபை ஒரு தேர்தல் முறையை வகுத்தது. இரண்டே ஆண்டுகளில், 921 வாக்கில், அதைத் திருத்தி மீண்டும் எழுதியது. பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வது இரண்டாவதை.

அதன்படி, வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய மாமன், மாமனார், சகோதரர், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று உறவினர் பட்டியலே நீள்கிறது.

குடும்பு என்ற ஊர்ப் பிரிவு வாரியாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளிக்க வழி இருக்கக் கூடாதல்லவா! இப்படித் தேர்ந்தெடுத்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் போவார்கள். பதவிக் காலம் 360 நாள்.

சுவரிலிருந்து தாளுக்கு

1898இல் கல்வெட்டுத் துறையினர் இந்தச் சாசனங்களைப் படியெடுத்தார்கள். கல்லைத் தேய்த்துத் துடைத்து, ஈரத் தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் பதியத் தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுவது மைப்படி எடுக்கும் முறை. கல்வெட்டறிஞர் வெங்கய்யா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் இரண்டு சாசனங்களையும் விரிவாக விளக்கினார். அறிக்கை நடையில் இருந்தாலும் இவ்வூரைப் பற்றிய முதல் வரலாற்று நூல் என்று அதைச் சொல்லலாம்.

1932இல் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சி பற்றிய தம் ஆய்வு நூலில் உத்திரமேரூருக்குத் தனி இடம் கொடுத்தார். 1935இல் 'சோழர்கள்' நூலின் முதல் பகுதி வந்தது. நாடு விடுதலைக்குப் போராடிய காலம் அது. தன்னாட்சி நமக்குப் புதிதல்ல என்று காட்ட இந்தச் சுவர் கைகொடுத்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து பற்றி விவாதம் எழுந்தபோது அதன் உறுப்பினர் டி. பிரகாசம் உத்திரமேரூரைச் சான்றாகக் காட்டினார். அதே மாதம் அதே சபையில், கிராமத்தை உயர்வாகப் பேச ஒன்றுமில்லை என்ற கருத்தை அம்பேத்கர் கடுமையாக முன்வைத்திருந்தார்.

தமிழில் அந்தக் காலத்துப் பெரும்பணி தி.வை. சதாசிவ பண்டாரத்தாருடையது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடான 'பிற்காலச் சோழர் சரித்திரம்' கல்வெட்டுகளை அடுக்கி அரசர் வரிசையை நிறுவியது. மா. இராசமாணிக்கனாரின் 'பல்லவர் வரலாறு' அதற்கு முந்திய காலத்துக்குப் போனது. உத்திரமேரூர் சோழர் ஊர் என்று மட்டும் நினைப்பவர் இதையும் படிக்க வேண்டும். ஏனெனில் இவ்வூர்ச் சபை பல்லவர் காலத்திலேயே இயங்கியது. சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலும் பல்லவர் காலத்ததே.

கேள்வி மாறுகிறது

1970இல் பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக உத்திரமேரூருக்கென்றே பிரெஞ்சில் ஒரு நூல் வெளியிட்டார்கள். தேர்தலோடு நிற்காமல் தொன்மக் கதை, வரலாறு, கோயில்கள் என்று ஊரையே முழுதாகப் பார்த்த நூல் அது.

1980இல் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் வேறு திசையில் போனார். சோழ அரசன் ஊர்களை நேரடியாக ஆளவில்லை, சடங்கு சார்ந்த தலைமையே அவனுக்கு இருந்தது என்றார். ஜப்பானிய ஆய்வாளர் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை ஆயிரக்கணக்கில் எண்ணித் தொகுத்து, அதிகாரிகளும் வரிகளும் எங்கே, எப்போது பெருகின என்று காட்டி அவரை மறுத்தார்கள். பிராமணர் ஊரில் நிலம் தனியாருடையது, வேளாளர் ஊரில் பொதுவில் இருந்தது என்ற வேறுபாட்டைத் திருச்சி அருகே இரண்டு ஊர்களை ஒப்பிட்டுக் கராஷிமா விளக்கினார்.

அதைப் படித்த பிறகு குடவோலை வேறு மாதிரி தெரியும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர். அதன் சபையில் இடம் பெற்றவர்கள் நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்கள். பெண்களும் உழவர்களும் கைவினைஞர்களும் குடத்துக்கு வெளியே நின்றார்கள். 'சோழர் கால ஊர்களிலெல்லாம் மக்களாட்சி' என்று இந்த ஒரு சுவரை வைத்துச் சொல்ல முடியாது. அதற்காக, கணக்குக் காட்டாதவரையும் அவர் சுற்றத்தையும் விலக்கி வைத்த அந்த விதியின் கூர்மை மழுங்கிவிடாது. பெருமையும் குறையும் ஒரே கல்லில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன.

ஆகவே, வரலாற்று நூலைத் தனியாகப் படிக்காதீர்கள், இணையாகப் படியுங்கள். நீலகண்ட சாஸ்திரியை முடித்த கையோடு கராஷிமாவை எடுங்கள். ஆசிரியர் எந்த ஆண்டுச் சாசனத்தைச் சொல்கிறார், தாம் வாழ்ந்த காலத்தின் எந்தக் கவலையோடு அதைப் பார்க்கிறார், யாரைப் பற்றிப் பேசவில்லை என்று கேளுங்கள். விடை சொல்லாத நூலும் பயனுள்ளதே, எதைத் தேட வேண்டும் என்று அது காட்டிவிடும்.

இங்கேயே தேட இன்னும் இருக்கிறது. பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்ற ஏரியைத் தூர்வாரக் கொடுத்த கொடைகளும் கல்வெட்டுகளில் உண்டு. ஏரி வாரியத்தின் ஆறு பேர் என்ன செய்தார்கள், வண்டலை அள்ளியவர்கள் யார், அவர்களுக்குக் கூலி என்ன? வாரியப் பெருமக்களின் தகுதியை எழுதிய அளவுக்கு மண் சுமந்தவர்களைப் பற்றி நாம் எழுதவில்லை. உத்திரமேரூரின் அடுத்த வரலாற்று நூல் கோயில் சுவரில் தொடங்கி ஏரிக்கரையில் முடிய வேண்டும். அதை எழுதுபவர் இவ்வூர்ப் பள்ளியில் படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது.