வீட்டில் ஓர் இருட்டறை

1802-ஆம் ஆண்டில், தாமஸ் வெட்ஜ்வுட் செய்த ஒரு விந்தையான சோதனையைப் பற்றி இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி எழுதினார். வெள்ளி நைட்ரேட் தடவிய காகிதத்தின் மீது இலையை வைத்து வெயிலில் காட்டினால், இலை மறைத்த இடம் வெளுப்பாக நிற்கும். மற்ற இடம் கறுக்கும். படம் கிடைத்துவிட்டது! ஆனால் அதைப் பகலில் பார்க்க முடியாது. வெளிச்சம் பட்டால் வெளுத்த இடமும் கறுத்து, படமே மறைந்துவிடும். இதற்கு வழி காணாமலேயே வெட்ஜ்வுட் 1805-ல் காலமானார்.

மாணவர்களே! படத்தை உண்டாக்குவது எளிது. அதை நிலைக்க வைப்பதுதான் கடினம். ஒரு குளியலறையும் மூன்று பிளாஸ்டிக் தட்டுகளும் இருந்தால் இரண்டையும் நீங்களே செய்யலாம். காமிரா கூட வேண்டாம்.

அறையும் விளக்கும்

இரவு நேரமே ஏற்றது. சன்னலையும் கதவு இடுக்குகளையும் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டு, 5 நிமிடம் உள்ளே நில்லுங்கள். கண் இருளுக்குப் பழகியதும், முதலில் தெரியாத ஒளிக்கீற்றுகள் தெரியும். அவற்றையும் அடையுங்கள்.

கறுப்பு-வெள்ளைப் புரோமைடுத் தாளில் உள்ள வெள்ளி உப்புகள் நீல ஒளியை ஏற்கும். சிவப்பு ஒளியை ஏற்பதில்லை. ஆகவே சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். எல்லா நிறங்களையும் உணரும் பிலிமுக்கோ முழு இருட்டே வேண்டும். மிதிவண்டியின் பின்னால் பொருத்தும் பாட்டரி சிவப்பு விளக்கு நமக்குப் போதும். ஈரக் கைக்கு அதுவே பாதுகாப்பு.

அந்த விளக்கை நம்பலாமா? ஒரு துண்டுத் தாளின் மீது நாணயம் வைத்து, சிவப்பு ஒளியில் 5 நிமிடம் விட்டு, டெவலப்பரில் இடுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள், அல்லது மாற்றுங்கள்.

மூன்று தட்டுகள்

முதல் தட்டில் டெவலப்பர், இரண்டாவதில் 3 பங்கு நீர் கலந்த வினிகர், மூன்றாவதில் ஹைப்போ. மருந்துகளைப் பொட்டலத்தில் அச்சிட்டபடி பெரியவர் துணையுடன் கலக்குங்கள். டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் ஏற்றது. வெப்பம் மிகுந்தால் வினை விரைந்து படம் கைமீறிக் கறுக்கும். தட்டைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் குளிர வையுங்கள்.

இனி, தாளின் மீது ஓர் இலை. அதன் மேல் கண்ணாடி. 1 மீட்டர் உயரத்திலிருந்து டார்ச் ஒளியை 1 விநாடி காட்டுங்கள். எத்தனை விநாடி சரி என்பதை முன்னதாகத் துண்டுத் தாள்களில் சோதித்து அறியலாம்.

தாளில் இப்போது எதுவும் தெரியாது. ஒளி பட்ட துகள்களில் ஒரு சில வெள்ளி அணுக்களே உண்டாகியிருக்கும். டெவலப்பர் அந்தத் துகள்களுக்கு எலக்ட்ரான்களைத் தந்து, அவற்றை முழுவதும் கரிய வெள்ளியாக்குகிறது. கண்ணெதிரே படம் மலரும்! வினிகர் அந்த வினையை நிறுத்தும்.

ஒளி படாத துகள்கள் இன்னும் தாளில் உள்ளனவே? அவைதாம் வெட்ஜ்வுட்டைத் தோற்கடித்தவை. ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-ல் கண்டறிந்தார். 1839-ல் அதைக் கொண்டு படங்களை நிலைப்படுத்தினார். இறுதியில் தாளை ஓடும் நீரில் கழுவுங்கள். ஹைப்போ தங்கினால் நாளடைவில் படம் பழுப்பேறும்.

எச்சரிக்கை

கையுறையும் இடுக்கியும் தேவை. அறையில் காற்றோட்டமும் வேண்டும். இந்தத் தட்டுகளைச் சமையலறைக்குக் கொண்டு செல்லக் கூடாது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். சாக்கடையில் ஊற்றாமல் புட்டியில் அடைத்து, பெயர் எழுதி, வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு இலைப்படங்கள் எடுங்கள். ஒன்றை ஹைப்போவில் இடுங்கள். மற்றொன்றை நீரில் மட்டும் கழுவுங்கள். இரண்டையும் வெயிலில் வையுங்கள். எது நிலைக்கிறது, எது நிறம் மாறுகிறது? 1802-க்கும் 1839-க்கும் இடையே இருந்த தூரத்தை உங்கள் கையிலேயே காண்பீர்கள்.