சுவர் யாருடையது?

காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் திருச்சுற்றிலே நின்று பாருங்கள் தோழர்களே! 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவன் இராசசிம்மன் எழுப்பிய மணற்கல் மாளிகை. சிற்றறைச் சுவர்களிலே சிதைந்தும் சிரிக்கும் ஓவியங்கள்; 1931இல் பிரஞ்சு அறிஞர் துப்ராய் கண்டு உலகுக்குக் காட்டியவை. அந்தக் கோயிற் கல்லிலே, வந்துபோன காதலர் தம் பெயரை ஆணியால் கீறிப் போகின்றனர். கரிக்கோடாயின் துடைக்கலாம், மணற்கல்லின் கீறலைத் துடைப்பதெப்படி?

"மன்னனும் கீறினானே! தன் விருதுப் பெயர்களை, இருநூறுக்கும் மேலாக, அதே கோயிலில் பொறித்தானே! அவன் எழுதினால் கல்வெட்டு, அரும்பு மீசைக்காரன் எழுதினால் கிறுக்கலோ?" என்று கேட்பர். நல்ல கேள்வி! எமக்குப் பிடித்த கேள்வியுங்கூட. கீழடிப் பானையோட்டிலே 'ஆதன்' என்று கீறியவன் முடிமன்னனா? அந்தக் கீறலைக் காட்டித்தானே மார்தட்டுகிறோம்! ஆனால் ஆதன் பெயர் ஏறியது பானையில். பிறன் படைத்த ஓவியத்தின் மேலன்று. மன்னன் பொறித்ததும் தான் எழுப்பிய கல்லில்.

எழுத்தை மறைத்த கை எமக்கும் உண்டு, மறுக்கவில்லை. 1952இல் இரயில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்தின்மீது தார் பூசப்பட்டது. 1953 சூலை 15இல் டால்மியாபுரம் பலகைமீது 'கல்லக்குடி' என்று ஒட்டினார் கலைஞர், தண்டவாளத்தில் படுத்தார், சிறை ஏகினார். அதைக் கலையென்றா சொன்னோம்? போராட்டம் என்றோம்! பட்டப்பகலில், போலீசார் பார்த்திருக்க நடந்தது. தண்டனையும் தலைமேல் ஏற்கப்பட்டது. இருட்டில் கீறிவிட்டு ஓடுவோர் அந்த வரலாற்றைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

ஆனால் தேர்தல் வந்தால் நாம் செய்வதென்ன? பொங்கலுக்கு நெசவாளி வெள்ளையடித்த சுவரை, அவனைக் கேளாமலே வளைத்துப்போட்டு, ஆண்டு குறித்து முன்பதிவு செய்கிறோமே! சுவரைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1959 முதலே உண்டு. எல்லாக் கட்சியும் மீறுகிறது, எம் கட்சியும்தான். கோர்வைச் சேலை நெய்யும் அவனோ, நாட்கணக்கில் தறியில் குனிந்தும், முந்தானையில் தன் பெயரைப் போடுவதில்லை.

சென்னைக் கண்ணகி நகரில், 2020இல், மாநகராட்சி இசைவோடு அடுக்ககச் சுவர்களெங்கும் பேரோவியங்கள் எழுந்தன. காஞ்சியில் ஏன் கூடாது? நினைவுச் சின்னத்தைச் சிதைத்தால் ஈராண்டு வரை சிறை, ஒரு இலட்சம் வரை அபராதம் என்கிறது 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம். சிறையைக் காட்டுமுன் மாநகராட்சி இளைஞனுக்கு ஒரு சுவரைக் காட்டட்டும்! வண்ணம் வாங்கித் தரக் கழகத் தோழர்கள் முன்வரலாம். ஒரே நிபந்தனை: அந்தச் சுவரில் நம் சின்னத்தை எழுதக்கூடாது.